தாயைக் காணாத குஞ்சு: கோழிக்குடல் நுண்ணுயிரிகளும் நோய் எதிர்ப்பாற்றலும்

கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சு ஈரம் காயும் முன்பே தாயின் சிறகுக்குள் புகுந்துகொள்கிறது. ஓரிரு நாளில் தாய் கிளறிப்போடும் மண்ணைக் கொத்தத் தொடங்குகிறது. அந்த மண்ணில் தாயின் எச்சமும் கலந்திருக்கும். பொரிப்பகத்துக் குஞ்சின் தொடக்கம் வேறு. முட்டை ஃபார்மலின் புகையில் தூய்மை செய்யப்பட்டு இயந்திரத்துக்குள் போகிறது. 21ஆம் நாள் தட்டில் ஓடு உடைகிறது. தடுப்பூசி போட்டு, பெட்டிக்கு இத்தனை என்று எண்ணி, வண்டியில் ஏற்றுகிறார்கள். பல்லடத்துக் கறிக்கோழிப் பண்ணைக்கோ நாமக்கல்லின் முட்டைக்கோழிப் பண்ணைக்கோ வந்திறங்கும் அந்த ஒருநாள் குஞ்சு, வளர்ந்த கோழி ஒன்றின் அருகில்கூட இருந்ததில்லை.

தாய் தரவேண்டிய சூட்டைப் புரூடர் விளக்கு கொடுத்துவிடுகிறது. தீனியும் தண்ணீரும் தட்டில் காத்திருக்கின்றன. மேரெக்ஸ், ராணிக்கெட், கம்போரோ என்று ஒவ்வொரு நோய்க்கும் தடுப்பூசிக்கு நாள் குறித்திருக்கிறது. தாயிடமிருந்து வரவேண்டிய குடல் நுண்ணுயிரிகளுக்கு மட்டும் பெரும்பாலான அட்டவணைகளில் இடமில்லை.

குடலில் குடியேறும் பாக்டீரியாக்கள் கோழியை இரண்டு வழிகளில் காக்கின்றன. இடத்தைப் பிடித்துக்கொண்டு நோய்க்கிருமியை வெளியே நிறுத்துவது ஒன்று. அது சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். கோழியின் சொந்த நோய் எதிர்ப்பு அமைப்பை வளர்த்துப் பழக்குவது மற்றொன்று; அதற்கு வாரங்கள் பிடிக்கும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் இத்துறையில் மிகையான நம்பிக்கையும் அதற்கு இணையான ஏமாற்றமும் மாறி மாறி வந்திருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், குஞ்சின் முதல் வாரத்தைத் தடுப்பூசிக்கு நிகரான கவனத்தோடு நடத்த வேண்டியதன் காரணம் தெளிவாகும்.

பின்லாந்தில் கிடைத்த தடயம்

1971இல் பின்லாந்தின் கறிக்கோழிப் பண்ணைகளில் சால்மொனெல்லா இன்ஃபான்டிஸ் என்ற பாக்டீரியா பரவியது. எஸ்கோ நூர்மி, ரன்டாலா என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரு புதிரைக் கையிலெடுத்தனர். ஒருநாள் குஞ்சுக்கு மிகச் சில சால்மொனெல்லாக்களே போதும், தொற்றிக்கொள்கிறது. வளர்ந்த கோழியோ அதைவிடப் பன்மடங்கு கிருமிகளைச் சாதாரணமாகத் தாங்கிக்கொள்கிறது. வயது கொடுக்கும் இந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது? வளர்ந்த ஆரோக்கியமான சேவல்களின் தீனிப்பையிலும் குடலிலும் இருந்ததை எடுத்து, நீர்த்து, குஞ்சுகளின் வாயில் புகட்டினார்கள். பிறகு அதே குஞ்சுகளுக்குச் சால்மொனெல்லாவையும் கொடுத்தார்கள். குடல் உள்ளடக்கம் பெற்ற குஞ்சுகளில் பெரும்பாலானவை தொற்றுக்குத் தப்பின, பெறாதவை மாட்டிக்கொண்டன. 1973இல் 'நேச்சர்' இதழில் வெளியான இந்த முடிவு இன்றும் 'நூர்மி கோட்பாடு' என்றே அறியப்படுகிறது. 1987இல் இதன் அடிப்படையில் பின்லாந்தில் ப்ராய்லாக்ட் என்ற தயாரிப்பு சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் 29 வகைப் பாக்டீரியாக்கள் அடங்கிய, குஞ்சுகளின் மேல் தெளிக்கும் கலவைக்கு 1998இல் அரசு ஒப்புதல் கிடைத்தது.

பலரும் பாராட்டும் இந்தச் சோதனையில் ஒரு விவரம் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. பாதுகாப்பு ஒரு நாளுக்குள் வந்துவிட்டது. எதிர்ப்பொருள் உருவாகி வேலைக்கு வர ஒரு நாள் போதாது. ஆகவே நூர்மியின் குஞ்சுகளைக் காப்பாற்றியது, முதன்மையாகக் குடலுக்குள் நடந்த இடப்போட்டிதான். முன்னால் வந்த பாக்டீரியாக்கள் உணவையும் ஒட்டுமிடத்தையும் பிடித்துக்கொண்டன. அவை சுரக்கும் கொழுப்பு அமிலங்கள் சால்மொனெல்லாவுக்கு ஒவ்வாத சூழலை உண்டாக்கின. நோய் எதிர்ப்பு அமைப்பு இதில் வந்து சேர்வது பிந்தித்தான்.

இந்தப் போட்டி நடக்கும் களம் பெரும்பாலும் குருட்டுக்குடல். கோழிக்கு அது இரண்டு. சிறுகுடல் முடியும் இடத்தில் இரு விரல்களைப்போல நீண்டு கிடக்கும். அதனுள் இருக்கும் பொருளின் ஒரு கிராமில் 1,000 கோடி முதல் 10,000 கோடி வரை பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பண்ணைக் கூளத்தைத் தினமும் பார்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான்: வெள்ளைத் தொப்பி வைத்த வழக்கமான எச்சங்களுக்கு நடுவே, சாக்லேட் நிறத்தில், பிசுபிசுவென்று, மூக்கைத் துளைக்கும் நாற்றத்துடன் அவ்வப்போது ஒன்று கிடக்கும். புதிதாகக் கோழி வளர்ப்பவர் கழிச்சல் என்று பயந்துவிடுவார். அது குருட்டுக்குடல் தன்னைக் காலி செய்துகொண்ட அடையாளம். தாயோடு திரியும் குஞ்சு கொத்துவதில் அதுவும் ஒன்று.

வாலடியில் ஒரு பை

நோய் எதிர்ப்பு அமைப்பும் குடலும் ஒன்றோடொன்று எவ்வளவு பின்னியவை என்பதைக் கோழியின் உடலமைப்பே காட்டுகிறது. எச்சத்துவாரத்துக்கு மேலே, உட்புறமாக, கழிவுப்புழையில் திறக்கும் ஒரு சிறு பை இருக்கிறது. இத்தாலியின் பாதுவா நகர உடற்கூற்றியலாளர் ஃபாப்ரிசியஸ் இதை விவரித்தார்; அந்த நூல் அவர் இறந்த பிறகு 1621இல் வெளிவந்தது. சேவலின் விந்தைச் சேமிக்கும் இடம் என்று அவர் கருதினார். அதன் உண்மையான வேலை தெரிய மேலும் 300 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1950களில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர் குஞ்சுகளிலிருந்து இந்தப் பையை நீக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வளர்ச்சியில் பெரிய மாற்றம் எதுவும் தென்படவில்லை. உடன் பயின்ற திமோதி சாங், வகுப்பில் எதிர்ப்பொருள் உருவாவதைச் செய்துகாட்டக் கோழிகள் தேடியபோது, கிளிக்கின் கோழிகளை வாங்கிச் சால்மொனெல்லாப் பொருளை ஊசியாகப் போட்டார். பை நீக்கப்பட்டிருந்த கோழிகள் எதிர்ப்பொருளையே உருவாக்கவில்லை. பாடம் தோற்றது, கண்டுபிடிப்பு கிடைத்தது. அந்தக் கட்டுரையைப் பெரிய அறிவியல் இதழ் ஒன்று ஏற்கவில்லை. 1956இல் 'பௌல்ட்ரி சயின்ஸ்' வெளியிட்டது. மனிதர் உட்பட எல்லாப் பாலூட்டிகளிலும் எதிர்ப்பொருள் தயாரிக்கும் வெள்ளணுக்கள் இன்று 'பி' செல்கள் எனப்படுகின்றன. அந்தப் 'பி' கோழியின் 'பர்சா' என்ற இந்தப் பையிலிருந்து வந்த எழுத்து.

இந்தப் பைக்குக் குடலோடு திறந்த வாசல் இருக்கிறது. குஞ்சின் எச்சத்துவார விளிம்பில் கரித்துகள் கலந்த நீரை ஒரு சொட்டு வைத்தால், துவாரம் சுருங்கி விரிந்து அதை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. சிறிது நேரத்தில் கரி பையின் மடிப்புகளில் கறுப்பாகத் தெரிகிறது. கரியை உறிஞ்சும் அதே வழியில் குடலின் பாக்டீரியாக்களும் கூளத்தின் பாக்டீரியாக்களும் ஓயாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன. பையின் சுமார் 10,000 நுண்ணறைகளில் வளரும் இளம் பி செல்களுக்கு, உடலுக்கு வெளியே உள்ள உலகம் இப்படித்தான் அறிமுகமாகிறது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். பி செல்கள் பலவகைப்படுவது முட்டைக்குள் கரு இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது; அங்கே நுண்ணுயிரிகளுக்கு வேலை இல்லையே? உண்மைதான். தொடக்கத்தைக் கோழியின் மரபணுவே பார்த்துக்கொள்கிறது. ஓட்டை விட்டு வந்த பிறகுதான் நிலைமை மாறுகிறது. பைக்கும் கழிவுப்புழைக்கும் இடையிலான குழாயைக் கட்டிவிட்ட சோதனைகளில், குடலின் பொருள்கள் உள்ளே வராததால், பி செல்கள் பெருகி உடலெங்கும் பரவுவது குன்றியது. வீடு கட்டுவது கருவின் வேலை. அதில் குடும்பம் பெருகுவதற்கு நுண்ணுயிரிகளின் வருகை வேண்டியிருக்கிறது. கோழி பருவத்துக்கு வரும்போது பை சுருங்கி மறைந்துவிடுவதால், இந்தப் பெருக்கத்துக்குக் கிடைக்கும் காலமும் சில மாதங்கள்தான்.

கம்போரோ நோயில் இந்தப் பைதான் அழிகிறது. நோய்ப்பட்ட குஞ்சை அறுத்துப் பார்க்கும் கால்நடை மருத்துவர் முதலில் தேடுவதும் இதைத்தான். பை கெட்டுப்போன மந்தையில் மற்றத் தடுப்பூசிகளும் சரியாக எடுப்பதில்லை என்பது பண்ணையாளர்கள் பட்டு அறிந்த உண்மை.

நுண்ணுயிரி இல்லாத கோழி

கிருமியே இல்லாத கூண்டுக்குள் பொரித்து வளர்க்கப்பட்ட கோழிகள் இந்த ஆய்வில் முக்கியமான சாட்சிகள். அவற்றின் குடல் சுவரில் உள்ள நிணநீர்த் திசுக்கள் மெலிந்திருக்கின்றன. குடலின் உட்புறத்தைக் காக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் மிகக் குறைவு. 2010இல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு, குடலில் உள்ள டி செல்கள் என்ற எதிர்ப்பு வெள்ளணுக்களின் வகைப்பாடும் அங்கு வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் எவ்வளவு பலவகையானது என்பதைப் பொறுத்தே அமைகிறது என்று காட்டியது.

பாலூட்டிகளைப்போலக் கோழிக்கு முறையான நிணநீர்க்கணுக்கள் இல்லை. ஆகவே குருட்டுக்குடலின் அடியில் உள்ள டான்சில் திசுக்களும் சிறுகுடலில் சிதறிக் கிடக்கும் திட்டுகளும் அதன் எதிர்ப்பு அமைப்பில் பெரும் பங்கைச் சுமக்கின்றன. பாக்டீரியாக்களை அடையாளம் காணும் உணர்விகள் குடல் செல்களில் அமைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று பாக்டீரியாவின் வால் புரதத்தை அறிகிறது. டிஎல்ஆர்21 எனப்படும் மற்றொன்று, பாலூட்டிகளில் வேறோர் உணர்வி செய்யும் வேலையை ஏற்று, பாக்டீரியா டிஎன்ஏவை அறிகிறது. குடியேற்றம் தொடங்கியதும் இந்த உணர்விகள் வழியே செய்தி போகிறது. செக் நாட்டின் பிர்னோ நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட முடிவின்படி, எந்த நோயும் தராத சாதாரணக் குடியேற்றமே நான்காம் நாளை ஒட்டிக் குஞ்சின் குருட்டுக்குடலில் ஐஎல்-8, ஐஎல்-17 என்னும் எச்சரிக்கைப் பொருள்களின் மரபணுக்களைத் தூண்டிவிடுகிறது. மிதமான ஓர் அழற்சி அது. சீக்கு என்று எண்ணத் தேவையில்லை. அமைப்பு விழித்துக்கொள்ளும் தருணம்.

பாக்டீரியாக்கள் சுரக்கும் பொருள்களும் பேசுகின்றன. நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும் சில இனங்கள் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. அது குடல் செல்களுக்கு உணவு. அத்துடன், கோழியின் செல்கள் தாமே சுரக்கும் கிருமிக்கொல்லிப் புரதங்களின் உற்பத்தியையும் அது கூட்டுகிறது என்பதை ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின. அழற்சி பெரிதாகாமலே பாதுகாப்பு கூடுகிறது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

குடலில் விதைத்தது மூச்சுக்குழலில்

குடல் பாக்டீரியாக்களின் செல்வாக்கு குடலோடு நின்றுவிட்டால் அதைச் செரிமானத்தின் துணைக்கதை என்று ஒதுக்கலாம். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். குஞ்சுகளுக்குப் பல ஆன்டிபயாடிக்குகளைக் கலந்து கொடுத்துக் குடல் நுண்ணுயிரிகளைக் குறைத்தார்கள். பிறகு எச்9என்2 பறவைக்காய்ச்சல் வைரஸைச் செலுத்தினார்கள். தெற்காசியக் கோழிகளிடையே பரவலாக உலவும் வைரஸ் இது. நுண்ணுயிரிகள் குறைக்கப்பட்ட கோழிகள் தொண்டையிலும் எச்சத்திலும் கூடுதல் வைரஸை வெளியேற்றின. வைரஸுக்கு எதிரான முதல் அரணான இன்டர்ஃபெரான் அவற்றில் மங்கியிருந்தது. தடுப்பூசிக்கு எழும் எதிர்ப்பொருளிலும் நுண்ணுயிர்க் குறைவின் பாதிப்பு தெரிந்ததாக அதே குழுவின் அடுத்த ஆய்வு கூறியது.

ஆன்டிபயாடிக்கே நேரடியாக எதிர்ப்புச் செல்களைக் கெடுத்திருக்கலாமே என்பது நியாயமான மறுப்பு. அதற்கான பதிலும் அதே சோதனையில் இருந்தது. சில கோழிகளுக்கு லாக்டோபேசில்லஸ் கலவையையும் சிலவற்றுக்கு ஆரோக்கியமான கோழியின் குடல் நுண்ணுயிரிகளையும் திரும்பக் கொடுத்தபோது, இழந்த எதிர்ப்பில் ஒரு பகுதி மீண்டது. மருந்து மட்டுமே காரணமாக இருந்தால் இந்த மீட்சி நடந்திருக்காது.

விலை இல்லாத பாதுகாப்பு இல்லை

இதுவரை சொன்னதைக்கொண்டு, நுண்ணுயிரி எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்று முடிவுகட்டிவிட முடியாது. 1963இல் இங்கிலாந்தின் ரெடிங்கில் கோட்ஸும் அவரது உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனையை இங்கே நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். கிருமியற்ற கூண்டுகளில் வளர்ந்த குஞ்சுகள், சாதாரணக் குஞ்சுகளைவிட நன்றாகவே எடை போட்டன. தீனியில் கலந்த ஆன்டிபயாடிக் சாதாரணக் குஞ்சுகளின் எடையைக் கூட்டியது. கிருமியற்றவற்றில் அது எந்த மாற்றமும் செய்யவில்லை. நுண்ணுயிரிகளோடு வாழ்வதற்குக் கோழி ஒரு விலை கொடுக்கிறது என்பதே இதன் பொருள். குடல் சுவர் ஓயாமல் புதுப்பிக்கப்பட வேண்டும். சளிப்படலம் சுரக்க வேண்டும். எதிர்ப்புச் செல்களுக்குத் தீனி போட வேண்டும். இறைச்சியாகியிருக்கக்கூடிய புரதம் பாதுகாப்புக்குப் போகிறது. வளர்ச்சியூக்கி ஆன்டிபயாடிக்குகள் பாக்டீரியாக்களைக் கொன்றதைவிட, குடல் அழற்சியைத் தணித்ததால்தான் பயன் தந்தன என்று தியோ நீவால்ட் 2007இல் முன்வைத்த கருத்தும் இதையே சுட்டுகிறது.

எடை கூடுவதைக் கண்டுதான் 1940களின் இறுதியிலிருந்து உலகம் முழுக்கத் தீனியில் ஆன்டிபயாடிக் கலக்கப்பட்டது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் மனிதரிடமும் பெருகின. சுவீடன் 1986இல் வளர்ச்சிக்காகத் தீனியில் கலப்பதைத் தடை செய்தது; ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல் அது தடையாயிற்று. இந்தியா 2019 ஜூலையில் கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளில் பயன்படுத்தத் தடை விதித்தது. ஆன்டிபயாடிக் வழி இப்படி அடைபட, கிருமியற்ற கூண்டோ எந்தப் பண்ணையிலும் இல்லை. உமியும் தேங்காய் நாரும் பரப்பிய ஆழ்கூளத்தில் வளரும் கோழிக்கு நுண்ணுயிரி இல்லாத வாழ்க்கை கிடையாது. எந்த நுண்ணுயிரி முதலில் வந்து சேர்கிறது என்பதில் மட்டுமே பண்ணையாளரின் கை நீள முடியும்.

எல்லாக் குடியேறிகளும் ஒரே பலனைத் தருவதில்லை என்பதற்குக் கேம்பிலோபாக்டர் சான்று. மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் இந்தக் கிருமி கோழியின் குருட்டுக்குடலில் கோடிக்கணக்கில் பெருகியும் பெரும்பாலும் கோழி நோய்வாய்ப்பட்டதாகத் தெரிவதில்லை. நூர்மி முறையும் சால்மொனெல்லாவிடம் காட்டிய உறுதியை இதனிடம் காட்டவில்லை. கடைகளில் விற்கும் ஒற்றை இனப் புரோபயாடிக் பொடிகளின் பலன் பண்ணைக்குப் பண்ணை மாறுவதற்கும் காரணம் இங்கே இருக்கிறது. நூறு குரல்கள் சேர்ந்து கற்றுக்கொடுப்பதை ஒரே குரல் கற்றுக்கொடுத்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம்.

முதல் வாரத்தின் கணக்கு

மஞ்சள் கருவின் வழியாகத் தாய் தந்த எதிர்ப்பொருள் இரண்டு வாரமளவில் வெகுவாகக் கரைந்துவிடுகிறது. குஞ்சு தானே குடலில் ஐஜிஏ சுரக்கத் தொடங்குவது முதல் வாரத்துக்குப் பிறகுதான். கறிக்கோழியின் ஆயுளே ஐந்து, ஆறு வாரம். எதிர்ப்பு அமைப்பு பழகி முடிவதற்குள் அதன் வாழ்நாளில் பாதி போய்விடுகிறது. குடியேற்றம் நான்கு நாள் தள்ளிப்போனால் நாட்டுக்கோழிக்குப் பெரிய இழப்பில்லை. கறிக்கோழிக்கு அது ஆயுளில் பத்தில் ஒரு பங்கு.

தாயைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமா? பிர்னோ குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பொரித்த குஞ்சுகளை வளர்ந்த கோழியோடு 24 மணி நேரம் விட்டுவைத்ததே போதுமானதாக இருந்தது. பொரிப்பகக் குஞ்சுகளுக்கு எளிதில் கிடைக்காத பாக்டீராய்டீஸ் போன்ற இனங்கள் அவற்றின் குருட்டுக்குடலில் குடியேறிவிட்டன. ஆனால் கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்ற பழமொழியைப் பெருமந்தைக்கு அப்படியே பொருத்த முடியாது. தாய் தரும் நுண்ணுயிரிகளோடு மைக்கோபிளாஸ்மா என்ற நோய்க்கிருமியும் ரத்தக் கழிச்சல் தரும் ஒட்டுண்ணியும் வந்துவிடலாம். ஆகவே வளர்ந்த கோழியின் நுண்ணுயிர்க் கூட்டத்தை நோயற்ற மந்தையிலிருந்து எடுத்து, சோதித்து, பொரிப்பகத்திலேயே குஞ்சின் மேல் தெளிக்கும் வழியே நடைமுறைக்கு ஏற்றது. பின்லாந்து இதைச் செய்துகாட்டியிருக்கிறது. தடுப்பூசித் திரவத்தைப் பெட்டியோடு சேர்த்துத் தெளிக்கும் கருவி நம் பெரிய பொரிப்பகங்களுக்கும் புதிதில்லை.

செலவே இல்லாமல் செய்யக்கூடிய மாற்றமும் ஒன்று உண்டு: தேவையில்லாத ஆன்டிபயாடிக்கை நிறுத்துவது. பல பண்ணைகளில் குஞ்சு இறங்கிய முதல் நாட்களில், நோய் எதுவும் தெரியாதபோதே, குடிதண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்துவிடுகிறார்கள். வழியில் பட்ட அலுப்புக்கு, முன்னெச்சரிக்கைக்கு என்று காரணம் சொல்லப்படுகிறது. அடுத்து, ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், ராணிக்கெட் தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுகிறார்கள். குஞ்சின் எதிர்ப்பு அமைப்பை விழிக்கச் செய்யும் குடியேற்றம் உச்சத்தில் இருக்க வேண்டிய அதே நாட்கள் இவை. ஒரு கையால் பாடம் நடத்திக்கொண்டே மறு கையால் ஆசிரியரை வெளியேற்றுகிற நிலை.

இதைச் சோதிப்பது கடினமில்லை. ஒரே பொரிப்பகத்து ஒருநாள் குஞ்சுகளை மூன்றாகப் பிரிக்கலாம்: ஒரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்கு முதல் ஐந்து நாள் ஆன்டிபயாடிக், ஒன்றுக்கு வளர்ந்த கோழியின் சோதிக்கப்பட்ட நுண்ணுயிர்க் கலவை. மூன்றுக்கும் ஒரே ராணிக்கெட் சொட்டு. மூன்றாம் வாரமும் ஐந்தாம் வாரமும் ரத்தம் எடுத்து எதிர்ப்பொருள் அளவைப் பார்க்கலாம். எடையையும் இறப்பையும் கூடவே குறித்துக்கொள்ளலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சுற்றி இதற்கு வேண்டிய குஞ்சும் கொட்டகையும் ஆய்வகமும் இருக்கின்றன. குஞ்சு வண்டியிலிருந்து இறங்கும் முதல் காலையில் தண்ணீர்த் தொட்டியில் எதைக் கலப்பது என்பதை, வழக்கத்தைப் பார்க்காமல், அந்த எண்களைப் பார்த்து முடிவு செய்யலாம்.